சுன்னத்: வளையமா, தையலா, லேசரா? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தக்கலை உம்மா

பெரியவனுக்குக் கத்தி வைத்துத் தையல் போட்டது. சின்னவனுக்குப் பிளாஸ்டிபெல் வளையம். ஊரும் வேறு, டாக்டரும் வேறு. பெரியவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னவனுடைய காயம் ஆறி எத்தனையோ நாளாகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

வளையம் எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். குறியின் நுனி மொட்டின் மேல் பிளாஸ்டிக் மூடியை வைத்து, தோலை அதன் மேல் இழுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, மிஞ்சின தோலை வெட்டிவிடுவார்கள். கட்டுக்கு வெளியே இருக்கும் விளிம்பு காய்ந்து 7 முதல் 10 நாளில் வளையத்தோடு உதிரும். தையலும் கிடையாது, பிரிக்கிற வேலையும் கிடையாது. அதற்காகத்தான் நாங்களும் சரி என்றோம்.

ஒரு ராத்திரி காலை அகட்டி வைத்துக்கொண்டு, "உம்மா, ஒண்ணுக்கு முட்டுது, போக முடியல" என்று அழுதான். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் வளையத்தைக் காணவில்லை. உதிர்ந்துவிட்டது போல என்று படுக்கையில் தேடினேன். பிறகு குனிந்து பார்த்தால், வளையம் மொட்டைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. மொட்டு வீங்கி நாவல்பழ நிறத்தில் இருந்தது.

வளையம் போட்ட இடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "வளையம் தானா விழும்மா, பொறுங்க, காலையில கூட்டிட்டு வாங்க" என்றார். வளையம் எங்கே இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அதையேதான் திரும்பச் சொன்னார். வாப்பா காரை எடுக்க, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனோம். அங்கே மரப்பு ஊசி போட்டு, சின்ன வெட்டியால் வளையத்தை நறுக்கி எடுத்தார்கள். எடுப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. காலை வரை பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். "பொறுக்காமல் வந்தீர்களே" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டில் எந்த முறை, எத்தனை வயதில், பிறகு எப்படி இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடையநல்லூர்வாசி

எங்கள் பையனுக்கு 'லேசர் சுன்னத், ரத்தம் இல்லை, வலி இல்லை' என்று போர்டு வைத்த இடத்தில்தான். நான் உள்ளே நிற்க அனுமதி கேட்டேன், விட்டார்கள். பையனுக்கு மயக்கம் கொடுத்த பிறகு நர்ஸ் அவன் தொடைக்கு அடியில் ஒரு பிளேட்டை ஒட்டி, அதிலிருந்து ஒரு வயரை மெஷினில் சொருகினார். பேனா மாதிரி ஒன்றைத் தொட்டதும் புகை வந்தது, தோல் கருகும் வாடை வந்தது. மஞ்சள் கலர் பேனா, நீல பட்டன். எனக்கு அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

காயம் நன்றாகத்தான் ஆறியது. ஆனால் அது லேசர்தானா? பணம் லேசருக்குத்தான் வாங்கினார்கள்.

கூடலூர் மாமா

தக்கலை சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் வளையம் என்றாலே பயந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் தங்கை மகன் கைக்குழந்தையாக இருக்கும்போது வளையம்தான் போட்டோம். பாலுக்கு அழுததை விட அதிகமாக அழவில்லை. வளையம் டயப்பரில் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். எங்கள் டாக்டர் வளையம் போடுவதற்கு முன்னால் அளவு பார்த்தார், இரண்டு மூன்றை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைப் பிரித்தார். உங்களுக்கு அளவு பார்த்தார்களா?

தக்கலை உம்மா

எங்களை உள்ளே விடவில்லை, மாமா. பார்த்தார்களா என்று எனக்குத் தெரிய வழியில்லை. நான் யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. போன் எடுத்தவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓ.டி. டெக்னீஷியன், பாலக்காடு

கடையநல்லூர் அண்ணன், ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிற நான் சொல்கிறேன், அது லேசர் இல்லை. பிளேட் ஒட்டினார்கள் என்றால் அது காட்டரி, கரண்ட் சூட்டில் தோலை வெட்டிக் கருக்குகிற கருவி, அதிலும் மோனோபோலார். லேசர் என்றால் பிளேட் தேவையில்லை, அறையில் இருக்கிற எல்லோரும் கண்ணுக்குத் தனிக் கண்ணாடி போட்டிருப்பார்கள், குழந்தையின் கண்ணையும் மூடியிருப்பார்கள். நம் பக்கத்தில் லேசர் என்று போர்டு வைப்பதில் பல இடங்களில் உள்ளே இருப்பது காட்டரிதான்.

காட்டரி கெட்டது என்று சொல்லவில்லை. எப்படிப்பட்ட காட்டரி என்பதுதான் விஷயம். மோனோபோலாரில் கரண்ட் பேனா நுனியிலிருந்து உடம்பு வழியாகப் பிளேட்டுக்குப் போகும். பெரிய உடம்பில் அது பரவிப் போய்விடும். குறி மெல்லியது, அடிப்பாகம் குறுகலானது. கரண்ட் அந்தக் குறுகலான வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அங்கே சூடு குவிந்து ரத்தக் குழாய்களே அடைந்துபோகலாம். அப்படி ஆனால் வெட்டின இடம் நன்றாக இருக்கும், உறுப்பு கறுத்துப்போகும். பைபோலாரில் இந்த ஆபத்து இல்லை. அது இடுக்கி மாதிரி இருக்கும், கரண்ட் இரண்டு முனைக்கும் நடுவில் மட்டும் ஓடும். பிளேட் ஒட்ட வேண்டாம். சின்னப் பையன்களுக்கு பைபோலார்தான் கேட்க வேண்டும்.

என் அனுபவம் என்றால் ஒன்றுதான். புதிதாக வந்த ஒரு டாக்டர், குழந்தைக்குத் தோலைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு கிளாம்ப் மாட்டியிருக்கும்போதே என்னிடம் காட்டரி பேனாவைக் கேட்டார். பெரிய டாக்டர் பேசவே இல்லை. நடந்து போய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். உலோகம் மாட்டின இடத்தில் அந்தப் பேனா பட்டால் முழு உறுப்புக்கும் கரண்ட் பாயும். அன்றைக்கு அந்தக் குழந்தையின் அத்தா வெளியே ஜூஸ் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

இனி முறைகள். யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவருக்காவது பயன்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் கைக்குழந்தை சுன்னத்துக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. பிறந்த 60 நாளுக்குள் செய்வதைப் பற்றியது. கருவி என்று அதில் விவரித்திருப்பது மோகன் கிளாம்ப், கோம்கோ கிளாம்ப், பிளாஸ்டிபெல். கோம்கோ 1935-லேயே வந்தது. உள்ளே மணி மாதிரி ஒரு உலோக மூடி மொட்டைக் காக்கும், வெளியே திருகை இறுக்கிச் சில நிமிஷம் வைத்திருந்து வெட்டுவார்கள். அதில் ஒரு செட்டின் மணியும் இன்னொரு செட்டின் பிளேட்டும் கலந்துபோனால் பிடிமானம் சரியாக இருக்காது. மோகன் வேகமானது, ஆனால் மொட்டைக் காக்க உள்ளே மூடி கிடையாது. வெட்டுகிறவரின் கைதான் காவல். இந்த இரண்டு கிளாம்ப்களையும் பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000-இலேயே எச்சரித்திருக்கிறது.

பிளாஸ்டிபெல் 1.1 சென்டிமீட்டரிலிருந்து 1.7 வரை அளவுகளில் வரும். அளவு பெரிதாகிவிட்டால் மொட்டு அதற்குள் நுழைந்து வளையம் பின்னால் நழுவும். தக்கலை சகோதரிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சிறிதானால் மொட்டையே அழுத்திப் புண்ணாக்கும். பிள்ளை வளர வளர தோல் தடிக்கும், வளையம் உதிர நாளாகும். அதனால் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பையனுக்கு எங்கள் இடத்தில் கத்தியும் தையலும்தான். தையல் நூல் தானாகக் கரைந்துவிடும். சில டாக்டர்கள் தையலுக்குப் பதிலாக ஒட்டும் பசை போடுகிறார்கள், அதுவும் நன்றாகத்தான் பிடிக்கிறது.

மரப்பு ஊசி. குறியின் அடியில் நரம்புக்கு ஊசி போட்டால் முழித்த பிறகும் சில மணி நேரம் வலி தெரியாது. முழு மயக்கம் கொடுத்தாலும் இந்த ஊசியையும் போடச் சொல்லிக் கேளுங்கள். அதில் அட்ரினலின் கலக்கக் கூடாது என்பது நாங்கள் முதலில் படிக்கிற பாடம். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் 6 மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கொடுக்கக் கூடாது. பாட்டிமார் பிள்ளை பசிக்குமே என்று கையில் பிஸ்கட்டைத் திணித்துவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள்.

தேங்காப்பட்டணம் காக்கா

மோளே, இவ்வளவு மெஷின் பேர் எல்லாம் படித்ததும் எனக்கு எங்கள் காலம் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கெல்லாம் மார்க்கக் கல்யாணம். ஒசா, அதாவது சுன்னத் வைக்கிற நாவிதர், வீட்டுக்கு வருவார். அவர் வாப்பாவும் ஒசா, அவர் உப்பாவும் ஒசா. மூங்கில் பிளாச்சைத் தோலில் கவ்வ வைத்து ஒரே வெட்டு. சுற்றி நின்று எல்லோரும் சலவாத்து ஓதுவார்கள், சத்தமாக. பிள்ளையின் அழுகை வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக. என் மாமா என் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். அவர் கை நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணிமையில் இருக்கிறது. வலியை விட அந்த நடுக்கம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு பாயில் படுக்க வைத்து, மேலே கயிறு கட்டி, துணி காயத்தில் படாமல் தொங்கவிடுவார்கள். ஊரே பார்க்க வரும், முட்டையும் நெய்யும் கொண்டுவரும். எனக்கு நன்றாக ஆறியது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஆறியது. இப்போது காசு கொடுத்து வளையம் போட்டு அது நழுவுகிறது என்கிறீர்கள். கைப்பழக்கம் இருந்தால் எந்தக் கருவியும் போதும். நாங்கள் ஷாஃபி மத்ஹப், எங்களுக்கு இது வாஜிப், கட்டாயக் கடமை. ராவுத்தர்மார் ஹனஃபி மத்ஹப், அவர்களுக்கு இது சுன்னத், நபிவழி. இரண்டிலும் இன்ன கருவியால்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடையநல்லூர்வாசி

காக்கா, மரியாதையோடுதான் சொல்கிறேன். எல்லோருக்கும் ஆறியது என்பதை நான் ஏற்கவில்லை. ஆறாதவர்கள் அதைப் பற்றி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள், அந்த இடத்துக் காயம் அப்படிப்பட்டது. ஒரே கத்தியால் வரிசையாகப் பலருக்கு வைத்த அன்று என் பெரியப்பாதான் கடைசி ஆள். புண்ணில் சாம்பல் வைத்தார்கள். பல வாரம் சீழ். அவர் இதை என் வாப்பாவிடம் சொன்னதே கிழவரான பிறகுதான்.

ஒசாவின் கையைக் குறை சொல்லவில்லை. மரப்பு ஊசி இல்லாமல் ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்து வெட்டுவதைத்தான் சொல்கிறேன். உங்கள் மாமாவின் கை நடுங்கியதே, அது ஏன் காக்கா?

தேங்காப்பட்டணம் காக்கா

அது சரிதான் மோனே. என் பேரனுக்கு ஆஸ்பத்திரியில்தான் வைத்தோம்.

கம்பம் ராவுத்தர் வீட்டுப் பெண்

என் அண்ணன் மகன். பிறந்தபோதே முன்தோல் பாதிதான் இருந்தது, மேல்பக்கம் குடை மாதிரி கொஞ்சம், கீழ்ப்பக்கம் ஒன்றுமில்லை. எங்கள் நன்னி, "இவன் சுன்னத் ஆகியே பிறந்த பிள்ளை, பாக்கியசாலி" என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மிச்சமிருக்கிற கொஞ்சத் தோலையும் எடுத்துவிடலாம் என்று நாள் குறித்து, உத்தமபாளையத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து, வீட்டில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது.

டாக்டர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். பிள்ளை மேஜையில் கிடக்கிறான். டாக்டர் கையுறை விரலால் காட்டினார்: ஒன்றுக்குப் போகிற துவாரம் நுனியில் இல்லை, கொஞ்சம் கீழே, அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஹைப்போஸ்பேடியாஸ் என்றார். "இந்தத் தோலை நான் தொட மாட்டேன். துவாரத்தைச் சரிசெய்ய இந்தத் தோல்தான் வேண்டும். வெட்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது." சுமார் 300 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம். சரிசெய்கிற ஆபரேஷனை 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்தால் நல்லது என்று குழந்தை அறுவை நிபுணரிடம் அனுப்பினார். அந்த ஆபரேஷனிலேயே சுன்னத்தும் முடிந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது இதுதான். பிறந்ததிலிருந்து அவனை எத்தனை பேர் குளிப்பாட்டினோம், எத்தனை பேர் தூக்கினோம். தடுப்பூசிக்குக் கொண்டு போனோம். எல்லோரும் பார்த்தோம், பாக்கியம் என்றோம். அந்த டாக்டர் வேறு ஆளாக இருந்து, அவசரத்தில் கத்தியை வைத்திருந்தால்? வளையமா தையலா என்று கேட்பதற்கு முன்னால், துவாரம் நுனியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்தோல் குறைவாகப் பிறந்த பிள்ளையை எந்த முறையிலும் சுன்னத்துக்குக் கொண்டு போகாதீர்கள், குழந்தை அறுவை நிபுணரிடம் கொண்டு போங்கள்.

பேர்ணாம்பட்டு அப்பா

ரத்தம் நிற்கிற நேரமும் உறைகிற நேரமும் பார்க்கிற பி.டி., சி.டி. டெஸ்ட் நார்மல் என்று எழுதியிருந்தார்கள். கத்னா (சுன்னத்) முடிந்து வீட்டுக்கு வந்தோம். ராத்திரி வெள்ளைத் துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தது. திரும்பக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள், மறுபடியும் கசிந்தது. அப்போதுதான் ஒரு நர்ஸ் என் மனைவியிடம், "உங்க அம்மா வீட்டுப் பக்கம் யாருக்காவது ரத்தம் நிக்காம இருந்திருக்கா?" என்று கேட்டார். "என் தம்பிக்குப் பல் பிடுங்கினப்ப ரெண்டு நாள் நிக்கல" என்றாள் அவள். வேலூரில் பார்த்தால் லேசான ஹீமோஃபீலியா, ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 குறைவு. அம்மா வழியாகத்தான் பையனுக்கு வருமாம். அந்த இரண்டு டெஸ்டும் நார்மலாக இருந்தாலும் இது இருக்கலாம், ஏ.பி.டி.டி. என்ற டெஸ்டும், அதிலும் தெரியாவிட்டால் ஃபேக்டர் அளவு பார்க்கிற டெஸ்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்றார்கள்.

அந்த ஒரு கேள்வியைக் கத்னாவுக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை.

செங்கோட்டை அம்மா

எங்களுக்கு இந்த வழக்கம் இல்லை. ஆனால் பையனுக்கு ஒன்றுக்குப் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்பியது. காட்டினோம். அந்த டாக்டர் ஒன்றும் சொல்லாமல் தோலை ஒரே இழுப்பாகப் பின்னால் இழுத்தார். பையன் அலறின அலறலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தோலில் வெடிப்பு விட்டு ரத்தம். "டைட்டாக இருக்கிறது, சுன்னத் செய்தாக வேண்டும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பல நாள் அவன் அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

புனலூரில் இன்னொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் தொடுவதற்கு முன்னால் பையனிடமே அனுமதி கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்குத் தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத் தானாகப் பிரியும், இழுக்கவே கூடாது என்றார். பீட்டாமெத்தசோன் களிம்பு, காலையும் ராத்திரியும், சில வாரம். சரியாகிவிட்டது. ஆபரேஷன் இல்லை.

தோல் நுனியில் வெள்ளையாக, தடிப்பாகத் தழும்பு விழுந்திருந்தால் அது வேறு வியாதி, அதற்கு சுன்னத்தான் வழி என்றும் அவரே சொன்னார். அதனால் ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்க்கத்துக்காகச் செய்கிறவர்கள் செய்யட்டும். வியாதி என்று சொல்லி வெட்டச் சொன்னால், களிம்பு போட்டுப் பார்த்தாயிற்றா என்று ஒரு தடவை கேளுங்கள். தோலை இழுக்க யாரையும் விடாதீர்கள்.

குளச்சல் வாப்பா

ஸ்டேப்ளர் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மகனுக்கு நாங்கள் வளைகுடாவில் இருந்ததால் தள்ளிப்போய், 13 வயதில்தான் வைத்தோம். ஸ்டேப்ளர் ஒரே அழுத்தில் வெட்டும், சுற்றிலும் பின் அடிக்கும். வெட்டினது நேர்த்தியாக இருந்தது, அதில் குறையில்லை. பின்கள் பிறகு ஒவ்வொன்றாக உதிரும். பெரும்பாலும் உதிர்ந்தன. ஒன்று மட்டும் தோலுக்குள் புதைந்து நின்றது. அதை இடுக்கியால் எடுத்தபோது, ஆபரேஷன் அன்று அழாத பையன் அழுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, இதை ஏன் முதல்லயே செய்யல?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

பெரிய பையன்களுக்கு ஸ்டேப்ளர் சரி என்றுதான் சொல்வேன். சின்னப் பிள்ளைக்கு அளவே பொருந்தாது என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆரியங்காவு சகோதரி

தையல் முறைதான், கைக்குழந்தையில் வைத்தது, நன்றாக ஆறியது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கொஞ்ச நாளாக ஒன்றுக்குப் போகும்போது நேராக விழாமல் மேல்நோக்கிப் போகிறது, சுவரெல்லாம் நனைக்கிறான். நான் விளையாட்டுக்குச் செய்கிறான் என்று திட்டினேன். நேற்று, "நான் செய்யலம்மா, அதுவா போகுது" என்று அழுதான். இதற்கும் சுன்னத்துக்கும் சம்பந்தம் உண்டா?

ஓ.டி. டெக்னீஷியன், பாலக்காடு

உண்டு, அக்கா. அவனைத் திட்டாதீர்கள். சுன்னத் ஆன பிள்ளைக்கு மொட்டு எப்போதும் டயப்பரிலும் துணியிலும் உரசுகிறது. அதில் துவாரத்தின் ஓரம் புண்ணாகி, ஆறும்போது சுருங்கிவிடும். எந்த முறையில் செய்தாலும் வரலாம், வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். தாரை மெல்லிசாக, வேகமாக, மேல்நோக்கிப் போவதுதான் அடையாளம். எரிச்சல் இருக்கிறதா, முடிக்க அதிக நேரம் ஆகிறதா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் அவன் போகும்போது போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து, தாரை மட்டும் தெரிகிற மாதிரி, டாக்டரிடம் நேரில் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் போகச் சொன்னால் வெட்கத்தில் போக மாட்டான். துவாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துகிற சின்ன ஆபரேஷன்தான், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். குழந்தை அறுவை நிபுணர் அல்லது யூராலஜி டாக்டரிடம் போங்கள், இந்த வாரமே போங்கள்.